ரெண்டும் பொண்ணுதானா?

மாசிச் சிவராத்திரிக்கு ஊருக்குப் போய்க் குலதெய்வத்தைக் கும்பிட்டு வருவது எங்கள் குடும்பத்து வழக்கம். ஊர் என்றதும் கோபுரமும் தெப்பக்குளமும் உள்ள ஊரை நினைத்துக்கொள்ள வேண்டாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் காட்டிலே எம்.ரெட்டியபட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. மதுரையிலிருந்து தூத்துக்குடிச் சாலையில் காரியாபட்டியைத் தாண்டி, அருப்புக்கோட்டையில் இறங்கி, டவுன் பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்து, அதற்கப்புறம் போக வேண்டும். வழியெல்லாம் மல்லிச் செடியும் மிளகாய்ச் செடியும். அவை இல்லாத இடத்தில் சீமைக்கருவேலம். அதை வெட்டிக் கரியாக்குகிற மூட்டத்தின் புகை. இவ்வளவுதான் காட்சி. ஆனாலும் அந்த மண் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு வயது முப்பது குறைந்துவிடுகிறது.

இந்தத் தடவை என்னோடு வந்தவர்கள் என் மனைவியும் எங்கள் இரண்டு பெண்களும். மூத்தவளுக்குப் பத்து வயது, இளையவளுக்கு ஆறு. ஜன்னலோர இடம் யாருக்கு என்பது பற்றி மதுரையிலேயே ஓர் ஒப்பந்தம் செய்துவைத்தோம். காரியாபட்டி வரையில் மூத்தவளுக்கு, அதற்கப்புறம் இளையவளுக்கு. இளையவளுக்குக் காரியாபட்டி எங்கே இருக்கிறதென்று தெரியாது. ஆகவே பஸ் நின்ற இடமெல்லாம் அவளுக்குக் காரியாபட்டியாகவே பட்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் எழுந்து நிற்பதும், மூத்தவள் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வதும், என் மனைவி இருவருக்கும் பொதுவாக ஓர் எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுப்பதுமாக அருப்புக்கோட்டை வந்து சேர்ந்தோம்.

அங்கே டவுன் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் எங்களை ஒரு பார்வை பார்த்து, "பொம்பளைக மூணு, ஆம்பளை ஒண்ணு" என்று கணக்குச் சொன்னார். பெண்கள் சாதாரணக் கட்டண பஸ்களில் பணமில்லாமல் போகலாம் என்ற திட்டம் 2021-ஆம் வருஷம் மே மாதம் இந்த மாநிலத்தில் வந்ததல்லவா? மூன்று பேருக்குக் காசில்லாத டிக்கெட். எனக்கு மட்டும் காசு. இளையவள் தன்னைப் பெரிய பெண்களோடு சேர்த்து எண்ணிவிட்டார்கள் என்ற பெருமையில் டிக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

எங்களுக்கு எதிரே ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். எழுபது வயது இருக்கும். மடியில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து அவித்த பனங்கிழங்கை எடுத்து, தோல் நீக்கி, நாரை உரித்து, குழந்தைகள் கையில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். முன்பின் தெரியாத குழந்தைகளுக்கு இப்படி உரித்துக் கொடுக்கிற கை பட்டணத்தில் கிடையாது. கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏந்தம்பி, ரெண்டும் பொண்ணுதானா?"

"ஆமா பாட்டி, ரெண்டும் பொண்ணுதான்."

பாட்டி உச்சுக் கொட்டினார். உண்மையான வருத்தத்தோடுதான் கொட்டினார். "நம்ம கையில என்ன இருக்கு, ஆண்டவன் அளந்தது அம்புட்டுத்தான்" என்றார். அப்புறம் என் மனைவியைப் பார்த்து, "இன்னும் ஒண்ணு பாக்கக் கூடாதா தாயி? நாளைக்குக் கொள்ளி வைக்க ஒரு பிள்ளை வேணாமா? பொட்டப் பிள்ளைகளைக் கட்டிக் குடுத்தா அதுக வேற சாமி கும்பிடப் போயிரும். உங்களுக்குப் பொறகு இந்தச் சாமிக்கு யாரு பொங்கல் வைப்பா?" என்று கேட்டார்.

என் மனைவி சிரித்தாள். அது எப்படிப்பட்ட சிரிப்பு என்று இரண்டு பெண்களைப் பெற்ற தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பத்து வருஷமாகப் பழகிப் பழகி மழமழவென்று ஆகிவிட்ட சிரிப்பு அது.

இந்தச் சமயத்தில் இளையவள் வாயில் கிழங்கோடு, "பாட்டி, உங்க பேரு என்ன?" என்று கேட்டாள்.

"என் பேரா தாயி? போதும்பொண்ணு."

இந்தப் பெயர் நம் தென் சீமையில் புதிதல்ல. பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்தால், "பெண் போதும், இனி ஆண் கொடு" என்று ஆண்டவனுக்கு விண்ணப்பம் போடுவது போல வைக்கிற பெயர். பாட்டி அதையும் சொன்னார். "எங்கய்யாவுக்கு நான் நாலாவது. எனக்குப் பொறகு தம்பி பொறந்தான். ராசியான பேருன்னு சொல்லுவாக." சொல்லும்போது அவர் முகத்தில் பெருமைகூட இருந்தது. தம்பி பிறக்கக் காரணமாக இருந்தவர் என்ற பெருமை.

"போதும்னா, எதுக்குப் போதும் பாட்டி?" என்றாள் என் இளைய மகள்.

பாட்டி சிரித்துக்கொண்டே அவள் கன்னத்தைத் தடவி விரலைச் சொடுக்கினார். பதில் சொல்லவில்லை.

இத்தோடு போயிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். அன்று இரவு கோயில் முன்னால் மணலில் படுத்திருந்தபோது மூத்தவள் என் காதருகில் வந்து, "அப்பா, நீங்க ஏன் 'பொண்ணுதான்'னு சொன்னீங்க? 'பொண்ணு'ன்னு மட்டும் சொல்லலாமில்ல?" என்று கேட்டாள்.

நாவல் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒரு சொல்லுக்காக ஒரு பகல் முழுதும் யோசித்ததுண்டு. எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை.

நண்பர் ஒருவரிடம், அவரும் கதை எழுதுகிறவர், இதைச் சொன்னேன். "ஒரு பட்டிக்காட்டுக் கிழவி அன்பாக ஏதோ சொன்னாள். அதைப் போய்ப் பெரிதுபடுத்துகிறீரே!" என்றார். நான் கிழவியோடு சண்டைக்குப் போகவில்லை. தனக்கே 'போதும்' என்று பெயர் வைத்த உலகத்தில் எழுபது வருஷம் வாழ்ந்தவர் அவர். தனக்குத் தெரிந்த ஆபத்தை என் மனைவிக்கு எச்சரித்தார். கூடவே கிழங்கும் கொடுத்தார். என் சண்டை உங்களோடும் என்னோடும்தான். புத்தகம் படிக்கிற, பெண்களைப் பள்ளிக்கு அனுப்புகிற, 'எங்களுக்கு வித்தியாசமே கிடையாது' என்று சொல்லிக்கொள்கிற நம்மோடுதான். கிழவி உச்சுக் கொட்டினார். நாம் அதையே 'தான்' என்று இலக்கண சுத்தமாகச் சொல்கிறோம்.

என் குற்றத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். இளையவள் பிறந்த அன்று உறவினர்களுக்குப் போன் செய்தேன். "தாயும் சேயும் சௌக்கியம்" என்று முதலில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். "என்ன குழந்தை?" என்று கேட்டார்கள். "பொண்ணுதான்" என்றேன். ஏதோ தவணை கட்ட மறந்தவன் பாங்கிக்காரரிடம் பேசுகிற குரல் எனக்கு வந்திருந்தது. மறுமுனையிலிருந்தும், "அதனாலென்ன, பரவாயில்லை" என்று மன்னிப்பு வந்தது. நான் கேட்காத மன்னிப்பு என்று சொல்ல வாயில்லை. கேட்டது என் குரல்.

இந்த அனுதாபத்துக்கு மூன்று காரணம் சொல்லுகிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற் காரணம், செலவு. ஐந்து பெண்ணைப் பெற்றால் அரசனும் ஆண்டி என்று பழமொழியே இருக்கிறது. அரசனை ஆண்டியாக்கியது பெண்ணா, அவளைக் கட்டிக்கொள்ளக் கூலி கேட்ட மாப்பிள்ளையா என்று பழமொழி சொல்லவில்லை. 1961-ஆம் வருஷத்திலிருந்து வரதட்சிணை கேட்பதும் கொடுப்பதும் இந்த நாட்டில் குற்றம். குற்றம் செய்கிறவன் ஒரு வீட்டில் பிறக்கிறான். அனுதாபம் மற்றொரு வீட்டுக்குப் போகிறது! திருடனைப் பெற்றவரை வாழ்த்திவிட்டு, பறிகொடுக்கப் போகிறவரிடம் துக்கம் விசாரிக்கிறோம். எங்கள் டவுன் பஸ் பிரயாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேரில் செலவு வைத்தவன் நான் ஒருவனே. பாட்டி அதைக் கவனிக்கவில்லை.

இரண்டு பெண்களோடு பிரயாணம் செய்கிறவனுக்கு உண்மையான கஷ்டம் ஒன்று உண்டு. அதற்காக இதுவரை யாரும் எனக்காக உச்சுக் கொட்டியதில்லை. வழியில் ஒரு பஸ் நிலையத்தில், எந்த ஊர் என்று சொல்ல விரும்பவில்லை, மூத்தவள் அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். பெண்களுக்கான கழிப்பறைக் கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். ஆண்களுக்குப் பூட்டு இல்லை, கதவுகூட இல்லை, அவர்களுக்குச் சுவர் போதும். என் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த ஊர் வரையில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வந்தாள். மாசி மாத வெயில், தாகம், அவளுக்கு வயது பத்து. பெண் பிறந்ததற்கு வருத்தப்படுகிறவர்கள் அந்தப் பூட்டைப் பார்த்து வருத்தப்படட்டும். முனிசிபாலிட்டிக்கு ஒரு கார்டு எழுதட்டும். அந்த அனுதாபத்தை நான் இரு கையாலும் வாங்கிக்கொள்வேன்.

இரண்டாவது காரணம், கொள்ளி. இதற்குப் பதில் தேடி நான் வெகு தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்தில் குண்டாற்றங்கரையில் திருச்சுழி இருக்கிறது. அங்கே சுந்தரமய்யருக்கும் அழகம்மாளுக்கும் 1879-ஆம் வருஷம் பிறந்த பிள்ளைதான் ரமண மகரிஷி. அழகம்மாளுக்குப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஆண் மட்டும் மூன்று பேர். அவர்களில் ஒருவர் பதினாறு வயதில், 1896-இல், மதுரையில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்கு ரயில் ஏறினார். தாயார் தேடிப் போய் அழுது கூப்பிட்டார்; பிள்ளை திரும்பவில்லை. மூத்த பிள்ளை இளம் வயதிலேயே காலமானார். கடைசியில் 1916-இல் தாயாரே மலைக்குப் போய்ப் பிள்ளையோடு தங்கினார். இளைய பிள்ளையும் அங்கேயே துறவியானார். 1922-இல் அந்த அம்மாள் உயிர் பிரிந்தபோது மகரிஷி அருகிலேயே இருந்தார். தலையிலும் மார்பிலும் கை வைத்திருந்தார். அதைவிட ஒரு தாய்க்கு வேறென்ன வேண்டும்? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த உடலுக்கு யாரும் கொள்ளி வைக்கவில்லை. சமாதி வைத்தார்கள், அதன்மேல் மாத்ருபூதேஸ்வரர் கோயில் எழுந்தது. நம் வட்டாரத்திலே பிள்ளை பெற்றவர்களில் மகா பாக்கியசாலியான தாய்க்குக் கொள்ளி தேவைப்படவில்லை. நமக்கு மட்டும் அது இல்லாவிட்டால் கதி இல்லையாம்!

தேவைப்படுகிறவர்களுக்கும் பெண் கை ஆகாது என்று யார் சொன்னது? 2018 ஆகஸ்டில் முன்னாள் பிரதமர் வாஜ்பாயின் சிதைக்குத் தீ மூட்டியது அவருடைய வளர்ப்பு மகள். நாடே டெலிவிஷனில் பார்த்தது. நெருப்பு எரிய மறுக்கவில்லை.

மூன்றாவது காரணம், வாரிசு. சாமிக்குப் பொங்கல் வைக்க ஆள் வேண்டுமாம். எங்கள் கோயிலில் அன்றைக்குப் பொங்கல் வைத்தவர்கள் யார்? கல் கூட்டி, விறகு தள்ளி, புகையில் கண் சிவந்து நின்றவர்கள் அத்தனை பேரும் பெண்கள். ஆண்கள் நாங்கள் வேப்ப மர நிழலில் உட்கார்ந்து, அடுத்த வருஷம் யார் பொங்கல் வைப்பது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். இன்னொன்றும் சொல்லுகிறேன். நம் தென் பாண்டிச் சீமையில் எத்தனையோ வீடுகளில் கன்னித் தெய்வம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் செத்துப் போன பெண்ணுக்குச் சிற்றாடை வைத்து, பூ வைத்து, "தாயே, குடும்பத்தைக் காப்பாற்று" என்று விழுந்து கும்பிடுகிறோம். செத்த பெண் குலத்தைக் காப்பாற்றுவாள் என்று நம்புகிறவர்கள், உயிரோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பார்த்து, "குலம் அற்றுப் போச்சே" என்று வருந்துவது என்ன நியாயம்?

சட்டத்தைக் கேட்டால் அது எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டது. பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். 1989-இல் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. 2005-இல் நாடு முழுவதுக்கும் வந்தது. என் இரண்டு பெண்களும் சட்டப்படி என் வாரிசுகள். செங்கற்பட்டிலிருந்து சட்டசபைக்கு வர அந்தத் தீர்மானத்துக்கு அறுபது வருஷம் ஆயிற்று. சட்டசபையிலிருந்து அருப்புக்கோட்டை டவுன் பஸ்ஸுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பஸ்ஸை மட்டும் குறை சொல்லுவானேன்? சர்க்கார் காகிதத்தையே பாருங்கள். பெண் குழந்தைகளைக் காப்பதற்கு 1992-இல் ஒரு நல்ல திட்டம் தொடங்கினார்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலும் சேலத்துப் பக்கத்திலும் பெண் சிசுக்கள் மடிந்துகொண்டிருந்த காலம் அது. பெண் குழந்தை பெயரில் பணம் போட்டு வைக்கிற அந்தத் திட்டத்தை நான் வணங்குகிறேன். ஆனால் அதற்குக் கேட்கிற தாள்களில் ஒன்றின் பெயர் என்ன தெரியுமா? ஆண் குழந்தை இல்லை என்பதற்கான சான்றிதழ்! இரண்டு பெண்கள் உண்டு என்று தாசில்தார் சான்று தருவதில்லை. ஆண் இல்லை என்று தருகிறார். உள்ளதைச் சொல்லாமல் இல்லாததைச் சொல்லி முத்திரை குத்துகிற இந்தக் காகிதமும் பாட்டியின் பெயரும் ஒரே பேனாவில் எழுதியவை அல்லவா?

மகாராஷ்டிரத்தில் 'வேண்டாதவள்' என்ற பொருளில் நகுஷி என்று பெண்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் இருந்தது. 2011 அக்டோபரில் சாத்தாரா என்ற ஊரில் 285 பெண்களைக் கூட்டி, அவரவர் விரும்பிய புதுப் பெயரை வைத்தார்கள். படித்தபோது கண்ணில் நீர் வந்தது. நம் ஊரிலும் ஒரு நாள் அப்படி ஒரு விழா நடத்தலாம். ஆனால் பெயரை மாற்றிய பிறகும் அந்தப் பெண்கள் பஸ்ஸில் ஏறத்தானே வேண்டும்? எதிர் சீட்டில் நாம் உட்கார்ந்திருப்போமே!

கடைசியாக, நம்மில் மிகவும் முற்போக்கானவர்களுக்கு ஒரு வார்த்தை. "எனக்கு ரெண்டும் பெண்கள். ஆனால் பையன் மாதிரி வளர்க்கிறேன்" என்று சொல்லுகிறீர்களே, அவர்களைச் சொல்லுகிறேன். பாட்டியின் உச்சுக் கொட்டலைவிட உங்கள் பெருமைக்கு நான் அதிகமாகப் பயப்படுகிறேன். "என் மகனைப் பெண் மாதிரி வளர்த்திருக்கிறேன்" என்று யாராவது மார்தட்டிச் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? ஸ்கூட்டர் ஓட்டினால் பையன் மாதிரி. கணக்கில் நூறு வாங்கினால் பையன் மாதிரி. அப்பாவுக்கு மருந்து வாங்கி வந்தால் பையன் மாதிரி. பெண் என்ன நல்ல காரியம் செய்தாலும் அதை அவள் கணக்கிலிருந்து எடுத்துப் பிறக்காத ஒரு பையனின் கணக்கில் வரவு வைத்துவிடுகிறோம். அந்தப் பிறக்காத பயல் நம் வீட்டில் சோறு தின்பதில்லை, துணி கேட்பதில்லை. ஆனால் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறான்.

இதெல்லாம் சின்ன விஷயம், ஒரு வார்த்தைதானே என்று தோன்றலாம். தொட்டிலில் கிடக்கிற சிசுவுக்கு நெல்மணி கொடுத்த கையும், ஸ்கான் எடுக்கிற இடத்தில் ஆணா பெண்ணா என்று கண் ஜாடையில் கேட்கிற வாயும் ஒரே நாளில் உண்டானவை அல்ல. 1994-இல் அதைத் தடுக்கத் தனிச் சட்டமே வேண்டியிருந்தது. அந்தக் கையையும் வாயையும் வளர்த்தது இப்படிப்பட்ட சின்ன வார்த்தைகள். உலகம் முழுவதும் சேர்ந்து உச்சுக் கொட்டக் கேட்ட ஒரு தாய்க்கு, தன் மடியில் கிடப்பது குழந்தை என்பது எத்தனை நாள் ஞாபகம் இருக்கும்? கொல்லாமல் விட்டுவிட்ட நம் வீடுகளில் குழந்தை அதைக் கேட்டுக்கொண்டே வளருகிறது. பத்து வயதில் ஒரு நாள் இரவு மணலில் படுத்துக்கொண்டு 'தான்' எதற்கு என்று கேட்கிறது.

மறுநாள் திரும்பினோம். டவுன் பஸ்ஸில் இப்போது பாட்டி இல்லை. பக்கத்தில் நன்றாகப் படித்த இளைஞர் ஒருவர். குழந்தைகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னிடம், "ரெண்டும் பொண்ணுதானா சார்?" என்று கேட்டார்.

மூத்தவள் ஜன்னலிலிருந்து மெல்லத் திரும்பினாள். என் வாயையே பார்த்தாள்.

"ஆமாம். ரெண்டு பொண்ணு" என்றேன்.

இளைஞர் மேற்கொண்டு ஏதோ வரும் என்று எதிர்பார்ப்பவர் போலக் காத்திருந்தார். என்னிடம் மேற்கொண்டு ஒன்றும் இல்லை. ஆனால் இளையவளுக்கு என் பதில் திருப்தியாக இல்லை. தன் டிக்கெட்டைத் தூக்கிக் காட்டி, "தப்புப்பா! மூணு. அம்மாவை விட்டுட்டீங்க" என்றாள்.

என் மனைவி சிரித்தாள். இது அந்தப் பழைய சிரிப்பு அல்ல.